மிஸஸ் வென்லாக்கின் கழுத்தில் என் தலை

லண்டன் பவுல் தேவாலய முற்றத்தில் அச்சுப் படக்கடை நடத்தும் என் தாய்மாமா ஒபதியா பெக் அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் தாமசின் மரியாதை குறையாமல் எழுதுவது.

நீங்கள் என் தலையைத் திருடிவிட்டீர்கள். திருடியதோடு நிற்காமல் அதை மிஸஸ் வென்லாக்கின் கழுத்தில் ஒட்டி, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டு, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைச் சொல்லாமல் நலம் விசாரிக்க என் கை ஓடவில்லை. சொல்லியாகிவிட்டது, இனி முறைப்படி. நான் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நேற்று முன்தினம் நான் கடைக்குள் நுழைந்தபோது நீங்கள் மாடிப்படி ஏறி ஓடிய வேகத்தைக் கேட்டால் அப்படித்தான் தெரிகிறது. அத்தைக்கு என் அன்பு. "மாமா ஊர்ல இல்லம்மா, பாத் நகரத்துக்கு வெந்நீர்க் குளியலுக்குப் போயிருக்காரு" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அந்த நேரம் பார்த்து மாடியில் பாத் நகரம் இருமிற்று. அத்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. பொய் சொல்லிப் பழகாதவளைப் பொய் சொல்ல வைத்த உங்கள்மேல்தான் அந்தக் கோபத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எப்படித் திருடினீர்கள் என்பதும் இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வாத்துக் கறி விருந்துக்குக் கூப்பிட்டீர்கள். நாடகத்தில் சேர்ந்த நாளிலிருந்து என்னை ஒரு கோழிக் காலுக்குக்கூடக் கூப்பிடாத மாமா, திடீரென்று முழு வாத்துக்குக் கூப்பிட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். "ஜன்னல் ஓரமா உக்காரும்மா, வெளிச்சம் நல்லா இருக்கு" என்றீர்கள். வாத்துக் கறி தின்பதற்கு வெளிச்சம் எதற்கு என்று நான் கேட்கவில்லை, பசி. எதிரே உங்கள் கடையில் படம் அச்சடிக்கச் செப்புத் தகடு சுரண்டுகிற ஃபிப்ஸ் உட்கார்ந்து, தன் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் மேசைக்கு அடியில். மனைவியை இழந்த மனிதர், பாவம், நம்மேல் ஆசைப்பட்டுவிட்டார் போலிருக்கிறது, மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்று இரண்டாவது துண்டு வாத்து முடிகிற வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் மேசைக்கு அடியில் என் மூக்கை வரைந்துகொண்டிருந்தார்.

உங்கள் தொழில் எனக்குத் தெரியாததா? பேர் எடுத்த நடிகைகளைக் கிரேக்கத்துக் கலைத்தேவியராக வேடம் கட்டி வரைந்து விற்பதுதான் இன்றைக்கு எல்லாப் படக்கடைகளின் பிழைப்பும். காலையில் அடகுக் கடை வாசலில் நிற்கிறவள் படத்தில் மேகத்தின்மேல் நிற்கிறாள். ஒன்பது தேவியர், ஒன்பது நடிகைகள், ஒரே கட்டு. அதில் உங்கள் கடையின் நகைச்சுவைத் தேவி மிஸஸ் வென்லாக். ஒரு கையில் சிரிக்கும் முகமூடி, மறு கையை வானத்துக்குத் தூக்கியிருப்பாள், தோளிலிருந்து துணி நழுவிக்கொண்டே இருக்கும், விழாது. அவள் முகம் பழையதாகிவிட்டது, கேட்டு வாங்குவாரில்லை; தகட்டின் செம்போ நல்ல செம்பு. ஆகவே முழுத் தகட்டையும் வீணாக்குவானேன் என்று தலையை மட்டும் வழித்தெடுத்து, அந்த இடத்தை மறுபடி சொரசொரப்பாக்கி, அதில் என் முகத்தைத் தேய்த்து எடுக்கச் சொல்லிவிட்டீர்கள். கீழே பெயரையும் மாற்றிவிட்டீர்கள். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தீர்கள் போல. மாமா, தகடு தேய்ந்து உடம்பெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. தலை மட்டும் இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி இருக்கிறது. அச்சில் இடவலம் மாறும் என்பதை ஃபிப்ஸ் மறந்துவிட்டதால் என் வலக் கன்னத்து மச்சம் இடக் கன்னத்துக்குக் குடிபோய்விட்டது. கண்ணில்லாதவன் தடவிப் பார்த்தால்கூட இது இரண்டு பெண்கள் என்று சொல்லிவிடுவான்.

நான் அதை முதலில் பார்த்தது திங்கட்கிழமை. உங்கள் கடை வாசலில் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தால் நான். பக்கத்தில் மீன் கூடையோடு நின்றவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைக் கழுத்திலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"ஏய், அது நீதானடி?"

"இல்ல."

"பொய் சொல்லாத, மூக்கு அதேதான். மத்ததெல்லாம் எங்கடி? வீட்ல வெச்சுட்டு வந்துட்டியா?"

கூட்டம் முழுக்கத் திரும்பிற்று. நான் ஒல்லி, உங்களுக்கே தெரியும். படத்தில் இருப்பவள் மூன்று வேளையும் சாப்பிட்டவள். ஆண்கள் ஒவ்வொருவராகப் படத்தையும் என்னையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எடை குறைத்து விற்கிற கடைக்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். நான் ஓடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொன்று. என் வீட்டுக்காரி மிஸஸ் டிப்பட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் குடிவந்த அன்றே, "நாடகக்காரி முன்வாசல் வழியா வந்துபோனா மத்த குடித்தனக்காரங்க என்ன நினைப்பாங்க, நீ கரி கொட்டுற கதவு வழியாவே வந்துடும்மா" என்று சொன்னவள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பாவாடை ஓரத்தில் கரியோடுதான் ஒத்திகைக்குப் போகிறேன். அந்தப் புண்ணியவதி உங்கள் படத்தை வாங்கி, முன்னறையில் கணப்புக்கு மேலே, போன வாரம் வரைக்கும் அரசர் படம் தொங்கிய இடத்தில் மாட்டியிருக்கிறாள். அண்டை வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, "எங்க வீட்ல யார் குடியிருக்கான்னு பாருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நான் முன்னறைக்குள் தலையை நீட்டினேன். உடனே முகம் சுளித்து, "இந்தப் பக்கம் ஏம்மா வந்தே? கம்பளத்துல கரி படும், பின்பக்கமாப் போ" என்றாள். என் முகம் அச்சடித்த காகிதத்துக்கு முன்னறை; என் முகத்துக்குக் கரிக் கதவு. இந்த ஊரைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எங்களைச் சுவரில் மாட்டுவதற்கு எல்லோருக்கும் ஆசை. படியேற விடுவதற்குத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் கெடுத்தது வேறு ஒன்றை. மாமா, எனக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. 'பின்ஜன்னல்' நாடகத்தில் வருகிற ஆர்பெல்லா வேடம். பதினேழு வயது, கெட்டிக்காரி, வாயாடி, கொடுமைக்காரக் காப்பாளனிடமிருந்து ஜன்னல் வழியாகத் தப்பி ஓடுகிறவள். அது எனக்காகவே எழுதியது. ஆனால் எங்கள் தொழிலின் சட்டம் உங்களுக்குத் தெரியும்: ஒரு வேடத்தை முதலில் கட்டியவளுக்கே அது சொந்தம். அவளாக விட்டுக்கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் கல்லறைக்குப் போகும்போது கூடவே போகும். ஆர்பெல்லா மிஸஸ் வென்லாக்குக்குச் சொந்தம். அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முட்டி மடங்குவதில்லை. ஜன்னலில் ஏற்றிவிட ஜெம் என்கிற தச்சர் ஒரு பக்கமும், வேலைக்காரி வேடம் கட்டிய நான் ஒரு பக்கமும் பின்னாலிருந்து தள்ள வேண்டும். அந்த நாடகம் முழுக்க எனக்கு ஒரே வசனம்: "வண்டி வந்துவிட்டது, அம்மா." மூன்று வருஷமாக அவளுடைய சால்வையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். அவளுடைய பழைய கதைகளுக்குப் புதிதாகச் சிரிக்கிறேன். அவளாகவே ஒருநாள், "ஏடி தாமசின், எனக்கப்புறம் ஆர்பெல்லாவை நீ கட்டு" என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். போன வாரம்தான், "என் முட்டி இந்த சீசனைத் தாண்டாது போலிருக்குடி" என்று ஆரம்பித்தாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் நீங்கள் படத்தை மாட்டிவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்குப் போனால், நடிகர்கள் உட்காருகிற அறையில் அந்தப் படத்தை மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் பவுடர் டப்பாவும் சீப்புமாகப் பாரம் வைத்து, மிஸஸ் வென்லாக் காத்திருந்தாள்.

"இங்க வாடி. இது யார் முழங்கை?"

"உங்களுதும்மா."

"இது யார் இடுப்பு?"

"உங்களுதும்மா."

"முகமூடியைப் பிடிச்சிருக்கிற இந்தக் கை?"

"அதுவும் உங்களுதும்மா."

"அப்ப மேல உக்காந்திருக்கிற இந்தக் கோழித் தலை யாருது?"

"எனக்குத் தெரியாம நடந்துபோச்சும்மா."

"தெரியாமலா! தாய்மாமன் கடை, தெரியாமலா! மூணு வருஷமா எதுக்கு என் சால்வையைத் தூக்கிட்டு வர்றேன்னு இப்பத்தான் புரியுது. அளவெடுக்கத்தானே?"

அறையில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் படமாகப் பார்க்கவில்லை, மாமா. எங்கள் உலகத்தில் நகைச்சுவைத் தேவியின் உடம்பில் தலை மாறினால், வேடம் கைமாறிவிட்டது என்று அர்த்தம். எனக்கு முன்னால் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். இதுவரை என் பெயரே தெரியாத ஒருவர் எனக்கு மூக்குப்பொடி நீட்டினார். கொட்டகை முதலாளி மிஸ்டர் பாஸ்கோ கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். "தாமசின், கண்ணு, நாளைக்கு கொட்டகை மாடி முழுக்க நிறைஞ்சிடும். சுவரொட்டியில உன் பேரை எல்லாருக்கும் மேல போட்டுட்டேன்" என்றார். "எந்த வேஷத்துக்கு?" என்று கேட்டேன். "அதே வேலைக்காரிதான். பேர்தானே பெருசு, வேஷம் எதுக்குப் பெருசு?" என்றார். மிஸஸ் வென்லாக் எழுந்து போய்விட்டாள். சால்வையை அவளே தூக்கிக்கொண்டாள்.

நேற்று இரவு நடந்ததைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். மாடி இருக்கையில் மூச்சுவிட இடமில்லை. நான் மேடைக்கு வந்து, "வண்டி வந்துவிட்டது, அம்மா" என்றேன். கூரை இடிந்துவிடும்போலக் கைதட்டு. "கலைத்தேவி! கலைத்தேவி!" என்று கத்தினார்கள். வேறு வசனம் எனக்கு இல்லை என்று அவர்களுக்கு யார் சொல்வது? மறுபடி சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். மறுபடியும் கேட்டார்கள். நான் அறிவித்த வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் தேம்ஸ் பாலம் தாங்காது. அத்தனை நேரமும் மிஸஸ் வென்லாக் மேடை நடுவில் விசிறியோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு முடி அசையவில்லை. அசையவும் முடியாது. யாரும் இனித் தன் தலையைக் கவனிக்காமல் விடக்கூடாது என்று, அன்றைக்கு மட்டும் கொண்டையை என்றுமில்லாத உயரத்துக்குக் கட்டியிருந்தாள். கம்பளித் திண்டு, அதன்மேல் முடி, முடிமேல் பன்றிக்கொழுப்பு, கொழுப்பின்மேல் பவுடர், உச்சியில் தீக்கோழி இறகு. தலைக்கு மேல் இன்னொரு ஆள் நிற்கிற உயரம். இதற்கும் காரணம் நீங்கள்தான்.

ஜன்னல் காட்சி வந்தது. சபையினர் இருப்பது தெருப்பக்கம். நாங்கள் திரைச்சுவருக்குப் பின்னால், வீட்டுக்குள். ஆர்பெல்லா முதலில் காலை வெளியே போட்டு, ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, தன் காப்பாளனுக்கு விடைசொல்லி ஒரு நீண்ட பேச்சுப் பேசிவிட்டுக் குதிக்க வேண்டும். நாங்கள் தள்ளினோம். கால் போயிற்று, இடுப்பு போயிற்று, மார்பு போயிற்று. கொண்டை போகவில்லை. ஜன்னல் சட்டத்தின் உள்பக்கத்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. அவள் மல்லாந்து சாய்ந்த நிலையில், கழுத்துக்குக் கீழே எல்லாம் தெருவில், தலை மட்டும் எங்களோடு வீட்டில். வெளியே சபைக்குத் தெரிந்தது என்ன? தலையில்லாத நகைச்சுவைத் தேவி, கைகளை ஆட்டிக்கொண்டு.

உடனே மாடியிலிருந்து ஒரு குரல்:

"டேய், உடம்பு வந்துடுச்சுடா! தலை எங்கடா?"

"தலை படக்கடையில இருக்கு, வாங்கிட்டு வா!"

உள்ளே மிஸஸ் வென்லாக் கூரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு, "இழுடி" என்றாள்.

"இழுத்தா முடி வந்துடும்மா."

"அது என் முடி இல்லடி, இழு!"

இழுத்தேன். ஜெம் இழுத்தார். பன்றிக்கொழுப்பு இறுகினால் கல். வெளியே சிரிப்பு கேலியாக மாறத் தொடங்கியது. ஆரஞ்சுத் தோல்கள் வந்து விழுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அவளை மேடையிலிருந்தே துரத்திவிடுவார்கள். அவள் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள்.

"பேச்சைச் சொல்லு."

"எந்தப் பேச்சும்மா?"

"என் பேச்சைத்தான், கழுதை! திரைக்குப் பின்னால நின்னு மூணு வருஷமா உதட்டை அசைச்சியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தலையை வெளிய நீட்டிச் சொல்லு. கையை நான் பாத்துக்கறேன்."

நீட்டினேன். அவளுடைய கழுத்து முடிகிற இடத்தில் என் கழுத்து. மாமா, உங்கள் படம் உயிரோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. ஒல்லித் தலை, அகன்ற தோள், வானத்துக்குத் தூக்கிய கை. கொட்டகை அப்படியொரு சத்தம் போட்டதை நான் கேட்டதில்லை. "போய் வருகிறேன், காப்பாளரே, என் தந்தை விட்டுப்போனவற்றில் நீர் இன்னும் பூட்டி வைக்காதது இந்தக் காற்று ஒன்றுதான்" என்று ஆரம்பித்தேன். அவள் கை காற்றைப் பிடித்துக் காட்டியது. நான் "இதயம்" என்றபோது அந்தக் கை சரியான இடத்துக்குப் போயிற்று. நான் ஓர் இடத்தில் ரசித்து நிறுத்தினேன்; சீக்கிரம் சொல் என்று கை சக்கரம்போலச் சுற்றியது. கண்ணீர் விடுகிற இடத்தில் அந்தக் கை மேலே வந்து என் கண்ணைத் துடைத்தது. துடைத்த கையோடு என் மூக்கையும் பிடித்து ஒரு திருகு திருகிற்று. அது வேடத்தில் இல்லாதது. கடைசி வரியில் இரண்டு கையும் முத்தங்களை வாரி வீசின. பெஞ்சுகளில் இருந்தவர்கள் பெஞ்சுகள்மேல் ஏறி நின்றார்கள்.

திரை விழுந்ததும் ஜெம் கத்தரிக்கோலால் அவளை விடுவித்தார். வெட்டிய கம்பளித் திண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், மிஸஸ் வென்லாக் வீட்டுக்குப் போய்விட்டாள். பாஸ்கோ என் தோளைத் தட்டினார். "செவ்வாய்க்கிழமைல இருந்து ஆர்பெல்லா நீதான். கிழவியை இந்த வாரத்தோட அனுப்பிடலாம், இனிமே அவளை யாரு பாக்கப் போறா?"

மூன்று வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். பிரபுவுக்கு வயதானால் மதிப்புக் கூடுகிறது. பிஷப்புக்கு வயதானால் இன்னும் பெரிய பிஷப் ஆகிறார். நடிகைக்கு வயதானால் நீங்கள் தகட்டைச் சுரண்டுகிறீர்கள், பாஸ்கோ ஆளையே சுரண்டுகிறார். இருபத்தைந்து வருஷம் இந்த ஊரைச் சிரிக்க வைத்தவளுக்கு அடுத்த வாரம் அடுப்பெரியுமா என்று கேட்க ஒரு நாதி இல்லை. என் தலையை வழித்துப் போடுகிற நாளும் வரும். அப்போது அந்தக் கழுத்தில் யார் தலையோ. பாஸ்கோவிடம், "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்துவிட்டேன். அவளை வெளியே தள்ளித்தான் எனக்கு அந்த வேடம் கிடைக்கும் என்றால் எனக்கு அது வேண்டாம். இதை எழுதுகிறபோது எனக்கு அழுகை வருகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஆகவே என் கோரிக்கை இது. சனிக்கிழமைக்குள் தகட்டிலிருந்து என் தலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவளுடைய தலையை அவளுடைய உடம்பில் திரும்ப வையுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கடை வாசலில் வந்து நின்று, கடை சாத்துகிற வரைக்கும் "வண்டி வந்துவிட்டது, அம்மா" என்று கத்திக்கொண்டிருப்பேன். எனக்கு நல்ல பயிற்சி இருக்கிறது.

அத்தைக்கு நல்ல தூக்கத்தையும், ஃபிப்ஸுக்கு ஒரு நல்ல துணையையும், உங்களுக்கு நீண்ட ஆயுளையும், மாடிப்படி ஏற முடியாத அளவுக்கு மட்டும் கொஞ்சம் கால் வலியையும் தரும்படி தேவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு, சொந்தக் கழுத்தோடு இருக்கும்
உங்கள் அக்கா மகள்,
தாமசின் ஃப்ளட்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். எதையும் சுரண்ட வேண்டாம். ஃபிப்ஸ் கையில் கருவி எடுத்திருந்தால் பிடுங்கி வையுங்கள்.

கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது கீழே முன்வாசலில் சத்தம். இறங்கிப் போனால், மிஸஸ் டிப்பட் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "நாடகக்காரங்க எல்லாம் பின்பக்கம் கரிக் கதவு வழியா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் மிஸஸ் வென்லாக். கொண்டை இல்லை, வெறும் வெள்ளைத் தொப்பி. கதவைக் கைத்தடியால் தள்ளிக்கொண்டு முன்னறைக்குள் வந்து, கணப்புக்கு மேலே பார்த்தாள்.

"இது மட்டும் எந்தக் கதவு வழியா வந்துச்சு?"

"அது படம்மா."

"அதுல கழுத்துக்குக் கீழ இருக்கிறது நான். மேல இருக்கிறது இதோ படியில நிக்கிறா. எங்க ரெண்டு பேர்ல யார் கரிக் கதவுல வரணும்? நீயே சொல்லு."

மிஸஸ் டிப்பட் தேநீர் போடப் போய்விட்டாள். நல்ல கோப்பைகளில் கொண்டுவந்தாள், மாமா. சர்க்கரையும் வைத்தாள்.

மிஸஸ் வென்லாக் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். காலையில் எனக்கு முன்பே பாஸ்கோவிடம் போயிருக்கிறாள். ஆர்பெல்லா தன் சொத்து, தானாகத்தான் கொடுப்பாள், பாஸ்கோ எடுத்துக் கொடுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறாள். கொடுக்கிறாள், எனக்கு. அதற்குப் பதில் ஆர்பெல்லாவைத் துரத்துகிற அத்தை லேடி க்ரம்ப் வேடம் அவளுக்கு. அதைக் கட்டிக்கொண்டிருந்தவள் டப்ளினுக்குப் போகிறாளாம். ஜன்னல் காட்சி நேற்று நடந்தபடியே நடக்க வேண்டும்: லேடி க்ரம்ப் ஆர்பெல்லாவுக்கு முன்னால் ஜன்னலில் பாய்ந்து, கொண்டை மாட்டிக்கொள்ள, தலை நான், கை அவள். நேற்று வந்தவர்கள் எல்லோரும் இன்று காலையிலேயே டிக்கெட்டுக்கு வந்து நிற்பதால், பாஸ்கோ தலையாட்டிவிட்டார்.

"எனக்காக வேஷத்தை வேண்டாம்னு சொல்லிட்டேன்னு மட்டும் சொல்லிடாதடி" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேம்மா."

"அது போதும். உன் வயசுல நான் யோசிக்கக்கூட இல்ல."

அவளுடைய தலையை அவளுடைய உடம்பில் திரும்ப வைக்கச் சொல்லி உங்களுக்கு எழுதிவிட்டேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் தேநீரைச் சிந்திச் சிரித்தாள்.

"என் உடம்பா? எனக்கு அப்படி ஒரு முழங்கை என்னைக்குடி இருந்தது? ஓவியன்கிட்ட நான் உக்காந்தது முகத்துக்கு மட்டும். உங்க மாமா எங்கேயோ ஒரு பழைய தகடு வாங்கி, அதுல இருந்த தலையை வழிச்சுட்டு என் தலையை வெச்சாரு. நான் கண்டுக்கல. நல்ல உடம்பா இருந்துச்சு."

"அப்ப செவ்வாய்க்கிழமை என் முழங்கை, என் இடுப்புன்னு..."

"கோவத்துல எல்லா முழங்கையும் என்னுதுதான்."

பிறகு படத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். முகமூடிக்கு அடியில் மங்கலாக ஒரு சுருள் ஏடு தெரிந்தது. சுருள் ஏடு பிடிப்பவள் வரலாற்றுத் தேவி; எங்களுக்கு முன்னால் இந்த உடம்பில் இருந்தவள் அவள். காலடியில் வழித்தும் போகாத ஒரு நாய்க்குட்டியின் பாதம். அது அவளுக்கும் முந்தையவளுடையதோ என்னவோ. எல்லோருக்கும் முதலில், ஓவியனுக்காகக் கையைத் தூக்கியபடி நாள் கணக்கில் நின்றவள் ஒருத்தி. தோள் வலித்திருக்கும். அவள் கழுத்தில் நாங்கள் வந்து போகிறோம், பெயர் எங்களுடையது.

தலையை அப்படியே விடுங்கள். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. மிஸஸ் வென்லாக்கை லேடி க்ரம்ப்பாகப் புதுத் தகட்டில், அவளுடைய சொந்த முழங்கையோடு போடுங்கள். இதைச் சொல்ல இரண்டு பேருமாகவே வந்துவிட்டோம். இந்தக் கடைசி வரிகளை உங்கள் கடை மேசையில் வைத்து எழுதுகிறேன். அத்தை பூனையைத் தடவிக்கொண்டு, நீங்கள் இன்னும் பாத் நகரத்தில் இருப்பதாகச் சொல்கிறாள். மேலே பலகை கிரீச்சிட்டது, இப்போது நின்றுவிட்டது. மிஸஸ் வென்லாக் கைத்தடியால் கூரையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

மாமா, அந்தத் தகட்டை வாங்கியது நீங்கள். அந்த உடம்புக்காரியின் பெயரைச் சொல்லுங்கள். எங்கள் பெயருக்கு மேலே அதைத் தகட்டில் பொறிக்க வேண்டும். அவள் யார்?